காம்பார் சாலையில் ஹோண்டா: ஒரு கொல்லர் மகனின் கதை

விடியற்காலை ஐந்து மணிக்குக் காம்பார் கூட்டரசு சாலையோரம் நின்றால் முதலில் கேட்பது கப்சாய் சத்தம்தான். செம்பனைத் தோட்டத்துக்குப் போகும் பெரியவர், ஈப்போ தொழிற்சாலைக்குக் காலை ஷிப்டுக்கு விரையும் அக்கா, நாசி லெமாக் பொட்டலங்களைக் கூடையில் அடுக்கிக் கட்டிக்கொண்டு போகும் அம்மா என்று ஒவ்வொருவராகக் கடந்து போவார்கள். வெயில் ஏறினால் சாலை பல்கலைக்கழக மாணவர்களுடையது. கப்சாய் என்ற பெயரே ஹோண்டா நிறுவனத்தின் ‘கப்’ வண்டியிலிருந்து வந்ததுதான். ‘சாய்’ என்பது சின்னது என்று பொருள்படும் சீனச் சொல் என்பார்கள். இன்று வேறு எந்த நிறுவனத்தின் வண்டியாக இருந்தாலும் அந்த வடிவத்தில் இருந்தால் நமக்குக் கப்சாய்தான்.

இதே சாலை வழியாகத்தான் 1941 டிசம்பர் கடைசியில் ஜப்பானியப் படை தெற்கு நோக்கி வந்தது. அந்தப் படையில் ஏராளமானோர் வந்தது சைக்கிளில். டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை காம்பார் குன்றுகளில் பிரிட்டிஷ், இந்திய, கூர்க்கா வீரர்கள் அவர்களை மறித்து நின்றார்கள். மலாயாப் போரில் ஜப்பானியர் பலமாக அடிபட்ட இடங்களில் நம் ஊரும் ஒன்று. இன்னொரு ஜப்பானியப் படை கடல் வழியாகத் தெலுக் ஆன்சன் பக்கம் இறங்கிவிட்டதால் காம்பாரை விட்டுப் பின்வாங்க நேர்ந்தது. அதற்குப் பின் என்ன நடந்தது என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சயாம் என்ற ஒரு சொல் போதும். ரயில் பாதை போட அழைத்துச் செல்லப்பட்ட நம்மவர்கள் பல்லாயிரம் பேர். திரும்பி வராதவர்களும் அப்படித்தான்.

என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர். 1970களில் தாத்தா தவணையில் ஒரு ஹோண்டா சி70 வாங்கி லயத்து வாசலில் நிறுத்தியபோது, கொள்ளுப்பாட்டி அவரோடு மூன்று நாள் பேசவில்லையாம். மூத்த மகனைக் கொண்டுபோனவன் ஊர் வண்டி இளைய மகன் வாசலில் நிற்கிறதே என்ற கோபம். தாத்தாவுக்கோ பால் நிறுவைக்கும் பட்டணத்துக்கும் போய்வர வண்டி வேண்டும். சைக்கிள் மிதித்து முழங்கால் தேய்ந்திருந்தது.

அந்த வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருந்த பெயர் ஒரு மனிதருடையது. இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட சோய்ச்சிரோ ஹோண்டாவின் கதையைத் தேடிப் படித்தபோது, கொள்ளுப்பாட்டியின் கோபமும் தாத்தாவின் பிடிவாதமும் இரண்டுமே நியாயம் என்றுதான் எனக்குப் பட்டது.

ரப்பர் முத்திரை

1906 நவம்பர் 17-ஆம் தேதி ஜப்பானின் ஷிசுவோகா மாநிலத்தில், ஹமமட்சு நகருக்கு அருகேயுள்ள ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தார் ஹோண்டா. அப்பா கிஹேய் இரும்பு அடிக்கும் கொல்லர். சைக்கிள்களையும் பழுதுபார்த்துக் கொடுப்பார். அம்மா மிகா தறி நெய்பவர். உலைக்களத்துப் புகையில் வளர்ந்த பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை.

அந்தக் காலத்தில் பள்ளியில் தரும் மதிப்பெண் அட்டையில் வீட்டார் குடும்ப முத்திரை குத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். அப்பாவிடம் காட்டப் பயந்த சிறுவன், பழைய சைக்கிள் மிதிகட்டையின் ரப்பரை வெட்டி எடுத்து முத்திரை செதுக்கிக்கொண்டான். அது செல்லுபடியானதும் மற்ற பிள்ளைகளுக்கும் செய்துகொடுத்தான். மாட்டிக்கொண்டது அங்கேதான். முத்திரையில் எழுத்தைத் தலைகீழாகக் கண்ணாடியில் தெரிவதுபோலச் செதுக்க வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. ஹோண்டா என்ற பெயரின் இரண்டு எழுத்துகளும் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருப்பதால் தப்பித்தது. மற்றவர்களின் பெயர்கள் காட்டிக்கொடுத்துவிட்டன. அந்தக் காலத்து ரப்பர் எந்த ஊர் மரத்துப் பால் என்று யாருக்குத் தெரியும்? பேராக்கில் வெட்டியதாகவும் இருக்கலாம்.

முதன்முதலாகக் கிராமத்துக்கு ஒரு மோட்டார் கார் வந்தபோது அதன் பின்னாலேயே ஓடி, தரையில் சிந்திய எண்ணெயைத் தொட்டு முகர்ந்து பார்த்தார் என்பது அவர் கடைசி வரை சொல்லி மகிழ்ந்த நினைவு.

15 வயதில், 1922-இல், தோக்கியோவில் கார் பழுதுபார்க்கும் ஆர்ட் ஷோகாய் என்ற பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். இயந்திரத்தைத் தொடலாம் என்று போனவருக்குக் கிடைத்த வேலை, முதலாளியின் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வது. மாதக்கணக்கில் முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு மற்றவர்கள் வேலை செய்வதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் தோக்கியோவைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் வந்தது. வேலையாட்கள் பலர் ஊர் திரும்பிவிட, மிஞ்சிய சிலரில் ஒருவரான அவருக்கு எல்லா வேலையும் கைக்கு வந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து முதலாளியே ஆசி கொடுத்து ஹமமட்சுவில் கிளை தொடங்க அனுப்பினார். அப்போது வயது 21.

ஐம்பதில் மூன்று

பட்டறை நன்றாக ஓடியது. பணம் வந்தது. பந்தயக் கார் கட்டி ஓட்டினார். 1936-இல் ஒரு பந்தயத்தில் கார் உருண்டு, அவரும் உடன் இருந்த தம்பியும் படுகாயம் அடைந்தார்கள். வேறு யாராவது என்றால் அத்தோடு பட்டறையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் பழுதுபார்ப்பதை விட்டுவிட்டு, பொருள் செய்து விற்க வேண்டும் என்று பிஸ்டன் ரிங் தயாரிப்பில் இறங்கினார். எஞ்சினுக்குள் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் சின்ன வளையம்தான் அது. அது சரியில்லை என்றால் எண்ணெய் எரிந்து புகை கக்கும்.

டொயோட்டாவுக்கு 50 வளையங்களைச் சோதனைக்குக் கொடுத்தார். தேறியவை மூன்று.

உலோகத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதே தெரியாமல் வார்த்திருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. முப்பது வயதைத் தாண்டிய மனிதர், நகரத்துத் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் இளைஞர்களோடு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தமக்குத் தேவையான பாடத்தை மட்டும் கேட்டார், தேர்வு எழுதவில்லை. சான்றிதழும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. ஆனால் வளையம் தேறியது.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. போர்க் காலத்தில் அவருடைய தொழிற்சாலையும் ஜப்பானிய ராணுவத்துக்காக ஓடியது. அங்கே செய்த பிஸ்டன் வளையங்கள் போர்த் தேவைகளுக்குப் போயின. விமானத்தின் மரச் சுழலிகளைக் கையால் செதுக்க ஒரு வாரம் பிடித்ததை, அரை மணிக்குள் முடித்துத் தரும் இயந்திரத்தை அவர் வடிவமைத்தார். அதற்குப் பாராட்டும் கிடைத்தது. சயாம் காட்டில் நம் ஆட்கள் கட்டை சுமந்துகொண்டிருந்த அதே காலம் அது. அவர் துப்பாக்கி எடுத்தவர் அல்லர். ஆனால் அந்தப் போருக்கு வெளியே நின்றவரும் அல்லர். கொள்ளுப்பாட்டியின் கோபத்துக்கு இது ஒன்றே போதும்.

அந்தப் போரே அவர் தொழிற்சாலையையும் விழுங்கியது. ஒன்று அமெரிக்கக் குண்டுவீச்சில் அழிந்தது. மற்றொன்று 1945 ஜனவரி நிலநடுக்கத்தில் சரிந்தது. மிஞ்சியதை டொயோட்டாவுக்கு 450,000 யென்னுக்கு விற்றுவிட்டு, ஓராண்டு காலம் எந்த வேலையும் செய்யாமல் மூங்கில் குழல் ஊதிக்கொண்டும், தாமே தயாரித்த மதுவை நண்பர்களோடு குடித்துக்கொண்டும் இருந்தார்.

மறுபடியும் சைக்கிள்

தோற்றுப்போன ஜப்பானில் பெட்ரோல் இல்லை, சோறு இல்லை. ரயில்களில் நிற்க இடமில்லை. அரிசியும் கிழங்கும் தேடி மக்கள் கிராமம் கிராமமாகச் சைக்கிள் மிதித்தார்கள். 1946-இல் ஹோண்டாவின் கண்ணில் பட்டது, ராணுவம் விட்டுச்சென்ற சின்ன எஞ்சின். ரேடியோ கருவிக்கு மின்சாரம் கொடுக்க வைத்திருந்தது. அதை ஒரு சைக்கிளில் பொருத்தினார். எண்ணெய்த் தொட்டிக்குப் பதிலாக, குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்ப் புட்டி. ஓட்டிப் பார்க்கச் சொன்னது மனைவி சாச்சியை. பெண்கள் ஓட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா!

போருக்கு வந்த எஞ்சின் அரிசி வாங்கப் போன கதை இப்படித்தான் தொடங்கியது. ராணுவ எஞ்சின்கள் தீர்ந்ததும் சொந்தமாக எஞ்சின் செய்தார். 1948 செப்டம்பர் 24-ஆம் தேதி, 10 லட்சம் யென் மூலதனத்தில் ஹோண்டா மோட்டார் நிறுவனம் பதிவானது.

அடுத்த ஆண்டு தாக்கியோ புஜிசாவா என்பவர் வந்து சேர்ந்தார். இந்த மனிதர் இல்லையென்றால் இன்று நமக்கு ஹோண்டா என்ற பெயரே தெரிந்திருக்காது. பணம், விற்பனை, வங்கி எல்லாம் அவர் பொறுப்பு. சிறுவயதில் ரப்பர் முத்திரை செதுக்கி மாட்டிக்கொண்டவர், நிறுவனத்தின் முத்திரையை அப்படியே புஜிசாவாவிடம் கொடுத்துவிட்டு அதன் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டாளியிடம் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்?

1952-இல் சைக்கிளில் பொருத்தும் சின்ன எஞ்சின் ஒன்று தயாரானதும், நாடெங்கும் இருந்த ஏறக்குறைய 50,000 சைக்கிள் கடைகளுக்குப் புஜிசாவா கடிதம் எழுதினார். பெரிய வணிகர்களை நம்பவில்லை. சக்கரம் பஞ்சர் ஒட்டுகிற கடைக்காரரை நம்பினார். 13,000 கடைகள் வரை விற்க முன்வந்தன.

ஹோண்டாவோ பட்டறையை விட்டு வெளியே வரமாட்டார். முதலாளி முதல் கடைநிலை ஊழியர் வரை எல்லோருக்கும் ஒரே வெள்ளைச் சீருடை. அதற்காக அவரைச் சாந்தமானவர் என்று நினைத்துவிட வேண்டாம். வேலையில் பிசகினால் கத்துவார், கை நீட்டுவார், கையில் இருக்கும் ஸ்பேனர் பறந்தும் வரும். தோட்டத்து மண்டோர் ஒருவரையாவது அறிந்தவர்களுக்கு இந்த ரகம் புதிதல்ல. ஒரே வேறுபாடு, இவருடைய இடது கை முழுக்கச் சுத்தியலும் உளியும் போட்ட தழும்புகள் இருந்தன. ஏவிய வேலையைத் தாமும் செய்தவர்.

1958 ஆகஸ்டில் ‘சூப்பர் கப்’ வந்தது. 50 சிசி எஞ்சின். அன்றைய சிறு வண்டிகள் பெரும்பாலும் எண்ணெய் கலந்த பெட்ரோலில் புகை கக்கி ஓடியவை. இது நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், எண்ணெய் தனி, பெட்ரோல் தனி. கையால் கிளட்ச் பிடிக்கத் தேவையில்லை. நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்பதுதான் கணக்கு. நடுவில் குழிந்த உடம்பு, பாவாடை கட்டிய பெண்ணும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம். முன்னால் பிளாஸ்டிக் மறைப்பு, சேறு காலில் தெறிக்காது. பெரிய சக்கரம், குண்டும் குழியுமான சாலைக்கு.

நூடுல்ஸ் தட்டுக்குப் பதில் பால் வாளி, பாவாடைக்குப் பதில் கைலி என்று மாற்றிப் பாருங்கள். நம் செம்மண் பாதைக்கென்றே செய்தது போல இருக்கும். காடு இருட்டாக இருக்கும் நேரத்தில் மழையில் நின்ற வண்டி, ஒரே மிதியில் கிளம்ப வேண்டும் என்பதுதான் பால் வெட்டுக்காரரின் ஒரே எதிர்பார்ப்பு. கப் கிளம்பியது.

பினாங்குத் தவுக்கே

மலாயாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் பினாங்கின் லோ பூன் சியூ. சீனாவின் பூஜியன் மாநிலத்தில் 1915-இல் பிறந்து, சிறுவயதில் பினாங்கு வந்து, பஸ் கழுவிப் பிழைப்பைத் தொடங்கி, பஸ் நிறுவனத்துக்கே முதலாளியானவர். பள்ளிப் படிப்பு கிடையாது. 1950களின் பிற்பகுதியில் ஜப்பானுக்குப் போனபோது ஹோண்டா வண்டியைப் பார்த்துப் பிடித்துப்போய், அதன் விநியோக உரிமையை வாங்கிவந்தார். எண்ணெய்க் கையோடு வளர்ந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள மொழி பெரிய தடையாக இருந்திருக்காது. லோ 1995-இல் காலமானார். ‘பூன் சியூ ஹோண்டா’ என்று பினாங்குக்காரர் பெயரையும் ஜப்பான்காரர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் பழக்கம் நம் நாட்டுக்கே உரியது.

போர் முடிந்து பதினைந்து ஆண்டுகூட ஆகாத நேரம் அது. சீனர்களும் ஜப்பானியரிடம் பட்டபாடு கொஞ்சமல்ல. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரே ஜப்பானியப் பெயரை இறக்குமதி செய்ததும், சீனத் தவுக்கே கடையில் தமிழ்த் தொழிலாளி அதைத் தவணையில் வாங்கியதும் எளிதாக நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. பெயரை நம்பி வாங்கவில்லை, வண்டி கெட்டுப் போகவில்லை என்பதால் வாங்கினார்கள். பெயர் அதற்குப் பின்னால்தான் நல்ல பெயரானது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஆட்கள் பட்டணத்துக்கு நகர்ந்தபோது அந்த வண்டியின் அருமை இன்னும் கூடியது. பஸ் வராத கம்பத்தில் குடியேறியவருக்கும் ஈப்போவில் வேலை கிடைத்தது என்றால், வாசலில் ஒரு கப்சாய் நின்றதும் ஒரு காரணம்.

கார் செய்ய வந்த மோட்டார்காரர்

மோட்டார் சைக்கிளில் ஹோண்டா உலகத்தையே வென்றார். பிரிட்டனை அடுத்த மேன் தீவின் புகழ்பெற்ற பந்தயத்தில் வெல்வோம் என்று 1954-இல், நிறுவனமே கடனில் தத்தளித்த நேரத்தில், அறிவித்தார். 1959-இல் முதன்முறையாகக் கலந்துகொண்டு, 1961-இல் 125 சிசி, 250 சிசி இரண்டு பிரிவிலும் முதல் ஐந்து இடங்களையும் பிடித்தார்கள்.

கார் செய்ய அரசாங்கமே குறுக்கே நின்றது. கார் நிறுவனங்களைச் சிலவற்றோடு நிறுத்திக்கொள்ள ஜப்பானியத் தொழில் அமைச்சு சட்டம் கொண்டுவரப் பார்த்தது. மோட்டார்காரருக்குக் கார் எதற்கு என்ற எண்ணம். ஹோண்டா அதிகாரிகளோடு நேருக்கு நேர் மோதினார். சட்டம் வருவதற்குள் முந்திக்கொள்ள, 1963-இல் ஒரு சின்ன லாரியையும் ஒரு விளையாட்டுக் காரையும் இறக்கினார். கடைசியில் அந்தச் சட்டம் நிறைவேறவே இல்லை. 1965-இல் மெக்சிகோவில் ஹோண்டா கார் முதல் பார்முலா ஒன் வெற்றியைப் பெற்றது.

அதற்குப் பிறகு வந்தது அவர் வாழ்க்கையின் மிக மோசமான கட்டம். எஞ்சினைத் தண்ணீரால் அல்ல, காற்றால்தான் குளிர்விக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1968-இல் காற்றால் குளிரும் பந்தயக் கார் ஒன்றை ஓட்டிப் பார்த்த ஜான் சர்ட்டீஸ், இது பந்தயத்துக்குத் தயாரில்லை என்று மறுத்துவிட்டார். பிரெஞ்சுப் பந்தயத்தில் அதை ஓட்டிய ஜோ ஷ்லெசர், கார் கவிழ்ந்து தீப்பற்றி இறந்துபோனார். ஜப்பானில் அமோகமாக விற்ற என்360 என்ற சின்னக் கார்மீது விபத்துப் புகார்கள் குவிந்தன. விவகாரம் அரசு வழக்கறிஞர்வரை போய், குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிந்தது. ஆனாலும் பெயர் அடிபட்டது.

(நம்பகமான பெயர் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்பதற்கு நம் நாட்டிலும் சாட்சி உண்டு. தக்காத்தா நிறுவனத்தின் காற்றுப்பை வெடித்து இங்கே உயிரிழந்தவர்கள் ஹோண்டா கார்களில் இருந்தவர்கள். பழைய சிட்டி, சிவிக் வைத்திருப்போர், குறிப்பாகக் கைமாறி வாங்கியவர்கள், தங்கள் கார் திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மாற்றித் தருவது இலவசம்.)

அமெரிக்காவில் கார்ப் புகைக்குக் கடும் கட்டுப்பாடு வரவிருந்தது. காற்றால் குளிரும் எஞ்சினை வைத்து அந்தச் சோதனையில் தேற முடியாது என்று இளம் பொறியாளர்களுக்குத் தெரியும். முதலாளியிடம் சொல்ல யாருக்கும் துணிவில்லை. கடைசியில் புஜிசாவாவிடம் போய்ச் சொன்னார்கள். அவர் ஹோண்டாவிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: நிறுவனத் தலைவராக இருக்கப் போகிறீர்களா, பொறியாளராகவா? ஹோண்டா கொஞ்ச நேரம் மௌனமாக இருந்துவிட்டு, தலைவராகவே இருப்பதாகச் சொன்னார். அன்றே தண்ணீர் எஞ்சினுக்கு அனுமதி கிடைத்தது.

அந்த இளைஞர்கள் செய்ததுதான் சிவிசிசி எஞ்சின். 1972 இறுதியில், அமெரிக்கா 1975-க்கென்று வைத்திருந்த புகைக் கட்டுப்பாட்டை முதலில் எட்டியது அதுவே. முடியாது என்று அமெரிக்கப் பெரிய நிறுவனங்கள் கைவிரித்துக்கொண்டிருந்த நேரம். அதே ஆண்டு வந்த சிவிக் காரில் பிறகு அந்த எஞ்சின் ஏறியது. எண்ணெய் விலை ஏறிய காலத்தில் சின்ன சிவிக் உலகெங்கும் ஓடியது. மலேசியாவிலும் ஓடியது, 2003 முதல் மலாக்கா, அலோர் காஜாவில் ஹோண்டா கார்கள் உருவாகின்றன.

இதில் என்னை நிறுத்தி வைத்த இடம் வேறு. பெரிய நிறுவனங்களை முந்த இதுதான் வாய்ப்பு என்று ஹோண்டா மகிழ்ந்தபோது, இளைஞர்கள் முகம் சுளித்தார்களாம். நாங்கள் நிறுவனத்துக்காகச் செய்யவில்லை, நாளைய பிள்ளைகள் மூச்சுவிட நல்ல காற்று வேண்டும் என்று செய்கிறோம் என்பது அவர்கள் பதில். தாம் பின்தங்கிவிட்டோம் என்று ஹோண்டா அங்கேயே உணர்ந்தார். 1973-இல், நிறுவனத்தின் 25-ஆம் ஆண்டில், அவரும் புஜிசாவாவும் ஒன்றாகவே விலகினார்கள். நாற்காலி 45 வயதான கியோஷி கவாஷிமாவுக்குப் போனது. தம் பிள்ளைகளை நிறுவனத்துக்குள் விடுவதில்லை என்று இருவரும் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்கள். நிறுவனத்துக்குத் தம் பெயரை வைத்ததையே பிற்காலத்தில் தவறாகக் கருதினார் ஹோண்டா. அப்பாவுக்குப் பின் மகன் என்று பதவி கைமாறும் சில ஆலய நிர்வாகங்களையும் சங்கங்களையும் பற்றிச் செய்தி எழுதிப் பழகிய எனக்கு, இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கத் தோன்றியது.

ஓய்வு பெற்றதும் ஜப்பான் முழுக்கப் பயணம் போனார். ஏறக்குறைய 700 இடங்கள், ஒன்றரை ஆண்டு. தொழிற்சாலை, விற்பனைக் கடை, இரண்டு மூன்று பேர் வேலை பார்க்கும் சிறு பட்டறை என்று எதையும் விடாமல், ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொல்வதற்காக. ஒரு பட்டறையில் இளைஞர் ஒருவர் கையில் எண்ணெய் இருக்கிறதே என்று தயங்கிப் பின்வாங்கினார். ஹோண்டா அந்தக் கையை விடாமல் பற்றிக்கொண்டு, பிறகு தம் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துக் கண் கலங்கினாராம்.

1991 ஆகஸ்டு 5-ஆம் தேதி, 84 வயதில் அவர் காலமானார். பெரிய இறுதி ஊர்வலம் கூடாது என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். கார் விற்றுப் பிழைத்தவன் செத்த அன்று சாலையை அடைத்து ஊராருக்குத் தொல்லை தரக் கூடாது என்பது காரணம். நிறுவனத்தின் சார்பில் நன்றி தெரிவிக்கும் கூட்டம் மட்டும் நடந்தது. 2017-இல் கப் வண்டிகளின் எண்ணிக்கை உலகெங்கும் 10 கோடியைத் தாண்டியது.

எங்கள் வீட்டு சி70 இன்னும் இருக்கிறது. தாத்தா கடைசிவரை ஜப்பான்காரன் என்றால் வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் பேசுவார். அந்த வண்டியை மட்டும் ஜப்பான் வண்டி என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஹோண்டா என்பார், ஒரு ஆளைக் கூப்பிடுவது போல. அண்ணனைக் கொண்டுபோனவர்களை அவர் மன்னித்துவிட்டார் என்று இதற்குப் பொருள் எழுத எனக்கு மனமில்லை. கொள்ளுப்பாட்டியும் அந்த வண்டியில் ஒரு முறைகூட ஏறாமலே கண்ணை மூடினார். ஆனால் அவருக்கு உடம்பு முடியாமல் போன இரவில் தோட்டத்து டிரஸ்ஸரைக் கூட்டிவந்தது அந்த வண்டிதான்.